சொல்லும் சொத்தும்: ஆங்கிலச் சட்டத்தில் கொடை, நம்பிக்கைப் பொறுப்பு, உயில்



1616ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்டிராட்போர்டு நகரில் ஒருவர் தம் உயிலில் ஒப்பமிட்டார். மூன்று தாள்கள், ஒவ்வொரு தாளிலும் ஒரு கையொப்பம். அடுத்த ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த உயில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அதில் வீடும் நிலமும் பெரும்பாலும் மூத்த மகள் சூசன்னாவுக்குச் செல்கின்றன. இளைய மகள் ஜூடித்துக்குப் பணமும் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணமும் கிடைக்கின்றன. ஊர் ஏழைகளுக்குப் 10 பவுன். உடன் நடித்த நண்பர் மூவருக்கு நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ளச் சிறு தொகை. மனைவிக்கு, வீட்டிலுள்ள கட்டில்களில் இரண்டாவதான நல்ல கட்டில். அதுவும் வரிகளுக்கு இடையே பின்னர்ச் செருகப்பட்டதாகும்.

கிண்ணத்தையும் கட்டிலையும் மறவாத அந்த உயிலில் ஹாம்லெட் இல்லை, லியர் இல்லை, ஒரு நாடகத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. இதற்குச் சட்டத்தில் விடை உண்டு. அக்கால வழக்கப்படி நாடகப் பிரதி, அதை விலைகொடுத்து வாங்கிய நாடகக் குழுவின் உடைமை. எழுதியவனுக்கு உரிமை உண்டு என்று கூறும் முதல் பதிப்புரிமைச் சட்டம் இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை எவரும் உயிலால் வழங்க இயலாது.

மோதிரம் பெற்ற நண்பர் மூவருள் ஹெமிங்ஸ், காண்டல் என்னும் இருவர், ஏழாண்டுகள் கழித்து, 1623இல், 36 நாடகங்களைத் திரட்டி ஒரே தொகுதியாக வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி அதற்குமுன் அச்சேறாதவை. மக்பெத்தும் புயலும் பன்னிரண்டாம் இரவும் அவற்றுள் அடங்கும். கட்டிலைக் காத்தது உயில். நாடகங்களைக் காத்தது நட்பு. ஆயினும், எல்லாக் கவிஞர்க்கும் ஹெமிங்ஸும் காண்டலும் வாய்ப்பதில்லை. வாய்க்காதபோது என்ன ஆகும் என்பதே இந்த உரையின் பொருள்.

எண்ணம் மட்டும் போதாது

ஒருவர் தம் உடைமையை மற்றொருவருக்கு வழங்க ஆங்கிலச் சட்டம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. உயிரோடிருக்கும்போதே தம் கையால் கொடுத்துவிடலாம். இன்னொருவர் பொருட்டுப் பேணுமாறு நம்பிக்கைக்குரியவர் பொறுப்பில் விடலாம். தம் மறைவுக்குப்பின் சேருமாறு உயில் எழுதலாம். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி வாயில் உண்டு. ஒரு வாயிலில் நுழையத் தவறியவரை அடுத்த வாயில் வழியாக நீதிமன்றம் இழுத்துச் செல்லாது. 1862இல் மில்ராய் என்பார்க்கும் லார்டு என்பார்க்கும் நடந்த வழக்கில் இந்நெறி உறுதி பெற்றது. கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் எவ்வளவு தூயதாயினும், அந்த உடைமையின் தன்மைக்கேற்பச் செய்ய வேண்டியவற்றைக் கொடையாளி செய்து முடித்திருக்க வேண்டும். அரைகுறையாக நின்ற கொடையை நீதிமன்றம் முன்வந்து நிறைவு செய்யாது.

உடைமையின் தன்மைக்கேற்ப முறை மாறுகிறது. நிலமும் வீடும் பத்திரத்தால் மாற வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம். நிலத்தை விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, இரு தரப்பாரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் சட்டம். பதிவு செய்யப்பட்ட நிலமாயின், பதிவேட்டில் பெயர் மாறினாலன்றிச் சட்டப்படியான உரிமை கைமாறாது. புத்தகம், மோதிரம், கையெழுத்துப் பிரதி போன்ற அசையும் பொருள்களுக்குப் பத்திரம் தேவையில்லை. கொடுக்கும் கருத்தோடு கையில் சேர்ப்பித்தாலே போதும். பதிப்புரிமையோ கண்ணுக்குத் தெரியாத உடைமை. அதைக் கையில் கொடுக்க இயலாதாகையால், உரியவர் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும்.

தாள் வேறு, தாளில் உள்ள படைப்பின் உரிமை வேறு. ஒரு கவிஞர் தம் கையெழுத்துப் பிரதியை நண்பருக்கு அன்பளிப்பாகத் தந்தால், நண்பருக்குத் தாள் சொந்தமாகும். அதை அச்சிடும் உரிமை கவிஞரிடமே நிற்கும்.

மதுக்கூடத்தில் கிடைத்த கையெழுத்துப் பிரதி

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ், 'அண்டர் மில்க் உட்' என்னும் தம் வானொலி நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை 1953 அக்டோபரில் பி.பி.சி. நிறுவனத்தின் தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவர்டனிடம் அளித்தார். படியெடுத்தபின் மூலம் கவிஞரிடம் திரும்பியது. அமெரிக்கா புறப்படும் வேளையில் அவர் அதைத் தொலைத்துவிட்டார். கிளெவர்டன் படிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து அவர் பதற்றத்தைத் தணித்தார். நெகிழ்ந்துபோன கவிஞர், மூலம் கிடைத்தால் அதை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று கூறி, தாம் அதை விட்டிருக்கக்கூடிய மதுக்கூடங்கள் சிலவற்றின் பெயர்களையும் சொன்னார். சில நாள்களில், இலண்டன் சோஹோப் பகுதியில் ஒரு மதுக்கூடத்தில் கிளெவர்டன் அதைக் கண்டெடுத்தார். நவம்பர் 9ஆம் நாள் கவிஞர் நியூயார்க்கில் மறைந்தார். அவர் உயில் எழுதியிருக்கவில்லை.

பின்னாளில் கிளெவர்டன் அப்பிரதியை விற்றார். அது கணவரின் உடைமை, தமக்கே சேர வேண்டும் என்று கவிஞரின் மனைவி வழக்குத் தொடுத்தார். 1966இல் நீதியரசர் பிளௌமன் தீர்ப்பு வழங்கினார். வாய்ச்சொல்லைக் கேட்டவர் கிளெவர்டன் ஒருவரே, சொன்னவர் உயிரோடில்லை. நீதிமன்றம் அவர் சாட்சியத்தை நம்பியது. கவிஞருக்குக் கொடுக்கும் கருத்து இருந்தது. அவருடைய இசைவோடு பிரதி கிளெவர்டனின் கைக்கு வந்தது. எனவே கொடை முற்றுப்பெற்றது என்பது முடிவு.

கிளெவர்டன் தேடிச் செல்லாது சோம்பியிருந்தால், அந்த வாய்ச்சொல் வெறும் வாய்ச்சொல்லாகவே கவிஞரோடு மறைந்திருக்கும். கொடுத்தேன் என்னும் சொல்லுக்கும் கொடைக்கும் இடையே இருந்த தொலைவு, ஒருவர் நடந்து சென்று ஒரு கதவைத் திறக்கும் தொலைவுதான். ஆனால் அந்தத் தொலைவை யாரேனும் நடந்தாக வேண்டும்.

நம்பிக்கை உடைமையான வரலாறு

இரண்டாவது வழி, ஆங்கிலேயர் டிரஸ்டு என்று வழங்கும் நம்பிக்கைப் பொறுப்பு. அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் நம்பிக்கை என்பதே நேர்ப்பொருள். சட்டத்தின் அகராதியில் இப்படியொரு சொல் இடம்பெற்றதே வியப்பிற்குரியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கத் துறவியர் இங்கிலாந்துக்கு வந்தனர். எதையும் உடைமையாகக் கொள்வதில்லை என்பது அவர்தம் நோன்பு. தங்குவதற்கோ வீடு வேண்டும். அன்பர்கள் வீட்டை வேறொருவர் பெயரில் எழுதி, துறவியரின் பயனுக்காக அவர் அதை வைத்திருக்குமாறு ஏற்பாடு செய்தனர். பெயர் ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு. நிலக்கிழார்களுக்கும் இம்முறை உதவிற்று. அக்காலப் பொதுச் சட்டப்படி நிலத்தை உயிலால் வழங்க முடியாது. அது மூத்த மகனுக்கே செல்லும். ஆகவே நண்பர்கள் பெயரில் நிலத்தை எழுதிவைத்து, தம் மறைவுக்குப்பின் இன்னின்னார்க்குக் கொடுங்கள் என்று சொல்லிச் சென்றனர்.

நண்பர் சொல் தவறினால்? பொதுச் சட்ட நீதிமன்றங்கள் பத்திரத்தில் இருக்கும் பெயரை மட்டுமே நோக்கின. ஏமாந்தவர்கள் மன்னரின் சான்சலரிடம் முறையிட்டனர். உன் மனச்சான்று கட்டுண்டது. நீ வைத்திருப்பது உனக்காக அன்று என்று சான்சலர் சொல் தவறியவரைக் கட்டாயப்படுத்தினார். இவ்வாறு வளர்ந்ததே நேர்மை நெறி எனப்படும் சட்டப் பிரிவு. வருவாய் இழந்த எட்டாம் ஹென்றி 1536இல் ஒரு சட்டத்தால் இம்முறையை ஒடுக்க முயன்றார். எதிர்ப்பு கிளம்பவே, 1540இல் நிலத்தை உயிலால் வழங்கும் உரிமையைப் பேரளவுக்கு ஒப்பினார். ஷேக்ஸ்பியர் தம் நிலத்தை உயிலில் எழுத முடிந்தது அச்சட்டத்தின் வழியில்தான்.

பொறுப்பேற்றவரிடம் நேர்மை நெறி எதிர்பார்க்கும் ஒழுக்கம் கடுமையானது. 1726ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், ஒரு சிறுவனுக்காக ஒருவர் சந்தை ஒன்றின் குத்தகையைப் பேணிவந்தார். தவணை முடிந்ததும் சிறுவனுக்குக் குத்தகையைப் புதுப்பித்துத்தர உரிமையாளர் மறுத்தார். பொறுப்பாளர் அதைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார். சிறுவனுக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒன்றைத்தானே அவர் எடுத்தார் என்று நமக்குத் தோன்றும். ஆயினும் அந்தக் குத்தகையும் சிறுவனுக்கே உரியது என்று சான்சலர் தீர்ப்பளித்தார். உலகில் எவர் வேண்டுமானாலும் அதை எடுத்திருக்கலாம். பொறுப்பாளர் ஒருவர் மட்டும் எடுத்தல் கூடாது. காவற்காரன் பறித்த பழம் கீழே விழுந்ததுதானா என்று ஆராயத் தொடங்கினால், தோட்டமே மிஞ்சாது என்பது உட்கருத்து.

ஷாவின் நாற்பது எழுத்துகள்

இத்தகைய பொறுப்பு நிலைபெற மூன்று தெளிவுகள் வேண்டும் என்று 1840இல் நீதியரசர் லாங்டேல் வகுத்துரைத்தார். பொறுப்பைச் சுமத்தும் சொல் தெளிவாக இருக்க வேண்டும். எந்த உடைமை என்பது தெளிவாக இருக்க வேண்டும். பயன்பெறுவோர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். மூன்றாவது தெளிவு இல்லாமற்போனதால் தோற்ற பேரெழுத்தாளர் பெர்னாட் ஷா.

ஆங்கிலத்தின் எழுத்துமுறை ஒலியோடு பொருந்தாதது என்பது ஷாவின் வாழ்நாள் குறை. 1950 நவம்பர் 2ஆம் நாள் தம் 94ஆம் அகவையில் மறைந்த அவர், தம் செல்வத்தின் எச்சப்பகுதியின் வருவாயைக் கொண்டு 40 எழுத்துகளுக்குக் குறையாத புதிய ஆங்கில நெடுங்கணக்கை ஆராய்ந்து உருவாக்கி, தம் நாடகம் ஒன்றை அதில் அச்சிட்டுப் பரப்புமாறு உயிலில் பணித்திருந்தார். இதனிடையே அவர் நாடகம் ஒன்றிலிருந்து உருவான 'மை ஃபேர் லேடி' 1956இல் மேடையேறி, அவர் உடைமைக்குப் பெருவருவாயை ஈட்டிற்று.

1957இல் நீதியரசர் ஹார்மன் அந்தப் பொறுப்பு செல்லாது என்றார். நெடுங்கணக்கு என்பது மனிதர் அன்று. பொறுப்பாளர் கடமை தவறினால் நீதிமன்றத்தில் வந்து முறையிட அதற்கு வாய் இல்லை. முறையிட ஒருவரும் இல்லாத பொறுப்பு பொறுப்பாகாது. அறப்பணிக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. அங்கே பொதுமக்கள் சார்பில் அரசின் தலைமை வழக்கறிஞர் முறையிடுவார். ஷாவின் திட்டமோ கற்பித்தலைச் சாராத ஆராய்ச்சியும் பரப்புரையுமே என்பதால் அறப்பணி எனவும் ஏற்கப்படவில்லை. எச்ச உடைமைக்கு அடுத்த உரிமை பெற்றிருந்தவை பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அரச நாடகக் கலைக் கழகம், அயர்லாந்துத் தேசிய ஓவியக்கூடம் ஆகிய மூன்று நிறுவனங்கள். இறுதியில் ஏற்பட்ட உடன்பாட்டால் 8,300 பவுன் மட்டும் நெடுங்கணக்குக்கு ஒதுக்கப்பட்டது. போட்டி வைத்து வடிவம் தேர்ந்து, 1962இல் 'ஆண்ட்ரோக்கிளஸும் சிங்கமும்' என்னும் நாடகம் அப்புதிய எழுத்தில் அச்சாயிற்று. வாழ்நாள் கனவில் மிஞ்சியது அந்த ஒரு நூலே.

வேண்டுகோளும் கட்டளையும்

கவிஞர்கள் கருத வேண்டிய வேறொன்றும் உண்டு. மென்மையான சொல் கவிதைக்கு அழகு, உயிலுக்கு இடர். 1871இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், கணவர் தம் உடைமையை மனைவிக்கு அளித்து, தமக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் வகையில் அவர் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார். குடும்பத்தார்க்காகப் பேணும் பொறுப்பு மனைவிக்கு உண்டா என்பது கேள்வி. இல்லை, உடைமை முழுதும் மனைவிக்கே என்றது நீதிமன்றம். விரும்புகிறேன், நம்புகிறேன் என்பன போன்ற சொற்கள் அன்பைத் தெரிவிக்கலாம், கடமையைச் சுமத்துவதில்லை.

முரணான சொல் இன்னும் இடர் தரும். 1985 டிசம்பர் 2ஆம் நாள் மறைந்த பிலிப் லார்க்கினின் உயிலில் ஒரு பிரிவு, வெளியிடாத எழுத்துகளையும் நாட்குறிப்புகளையும் படிக்காமலே அழித்துவிடச் சொன்னது. மற்றொரு பிரிவோ, வெளியிடாதவற்றை வெளியிடும் அதிகாரத்தை உரியவர்களுக்கு வழங்கியது. நாட்குறிப்புகளை, அவர் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டவாறே, அவருடைய செயலாளர் அழித்துவிட்டார். எஞ்சியவை குறித்துச் சட்ட அறிஞரின் கருத்துக் கேட்கப்பட்டது. உயில் தனக்குத்தானே முரண்படுகிறது என்பது விடை, எழுத்துகள் பிழைத்தன. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதிய கவிஞர் ஒருவர், தம் கடைசி எழுத்தில் அழியட்டும் என்றும் வாழட்டும் என்றும் ஒருங்கே சொல்லிச் சென்றார். அவர் உள்ளமே அவ்வாறு இரண்டுபட்டிருந்ததோ என்று இலக்கியவாணர் எண்ணலாம். சட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

முறையாகக் கொடுத்தவர்க்கு எடுத்துக்காட்டு ஜே. எம். பேரி. 'பீட்டர் பான்' படைப்பின் உரிமையை 1929இல், தாம் வாழும்போதே, இலண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு வழங்கினார். உயிலிலும் அதை உறுதிசெய்தார். அவர் 1937இல் மறைந்தார். ஐம்பதாண்டுப் பதிப்புரிமை 1987ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்தபோது, முன்னாள் தலைமையமைச்சர் காலகனின் முயற்சியால் 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப்பிரிவே சேர்க்கப்பட்டது. அதன்படி அந்நாட்டில் அந்நாடகத்துக்கான ஊதியம் அம்மருத்துவமனைக்கு என்றென்றும் உண்டு. சட்டம் ஓய்ந்த இடத்தில் நாடாளுமன்றம் கைகொடுத்தது; ஆனால் கைகொடுப்பதற்கு முதலில் ஒரு தெளிவான கொடை இருந்தது.

உயிலும் இரு சாட்சியரும்

உயிலுக்குரிய முறையை 1837ஆம் ஆண்டின் சட்டம் வரையறுக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் ஒப்பமிட வேண்டும். ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சியர் முன்னிலையில் அது நிகழ வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவர் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதேனும் அளிக்கப்பட்டிருந்தால் அது செல்லாது. பற்றில்லாதவரே சாட்சியாகலாம் என்பது கருத்து. எழுதியவர் விரும்பியவாறெல்லாம் வழங்கலாம் என்னும் உரிமைக்கும் 1975ஆம் ஆண்டின் சட்டம் ஓர் எல்லை வகுத்தது. தக்க வகை செய்யப்படாத குடும்பத்தாரும் அவரைச் சார்ந்து வாழ்ந்தோரும் நீதிமன்றத்தை அணுகலாம்.

இச்சட்டங்கள் கடல் கடந்து நம்மிடமும் வந்தவை. உயில் என்று நாம் வழங்கும் சொல்லே வில் என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவந்தான். இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டமும் சொத்து மாற்றச் சட்டமும் ஒரே ஆண்டில், 1882இல், ஆங்கில நெறிகளைத் தழுவி இயற்றப்பட்டன. லாங்டேல் கூறிய மூன்று தெளிவுகளின் சாயலை முதற்சட்டத்தின் ஆறாம் பிரிவில் காணலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் உயிலுக்கு இரு சாட்சியரைக் கேட்கிறது; ஆனால் இருவரும் ஒரே வேளையில் உடனிருக்கத் தேவையில்லை என்று தளர்த்துகிறது. வெளியிடப்படாத கையெழுத்துப் பிரதியை ஒருவர்க்கு உயிலால் அளித்தால், மாறான கருத்துத் தெரியாதவரை, அதன் பதிப்புரிமையும் அவருக்கே சேரும் என்பது இரு நாட்டுச் சட்டங்களுக்கும் பொது. உயிரோடிருக்கும்போது பிரதியைக் கொடுத்தால் உரிமை உடன்செல்லாது. உயிலால் கொடுத்தால் செல்லும்.

நம் நாட்டில் கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் அவர் படைப்பின் உரிமை நிலைக்கும். பாரதியின் படைப்புகளைச் சென்னை மாகாண அரசு 1949இல் நாட்டுடைமையாக்கியதால், அவை எல்லார்க்கும் உரியவாயின. அரசு முன்வந்து இவ்வாறு மீட்பது எல்லாக் கவிஞர்க்கும் கிட்டாது. ஒரு கவிஞர் மறைந்தபின் பரணிலிருக்கும் தாள்களை என்ன செய்வது என்று அறியாமல் பிள்ளைகள் திகைக்கிறார்கள். பதிப்பிக்க விரும்புவோர், யாரிடம் இசைவு பெறுவது என்று தெரியாமல் ஒதுங்குகிறார்கள். உடன்பிறந்தோர் ஒருவருக்கொருவர் இணங்காதபோது நூல் மறுபதிப்புக் காண்பதில்லை. அங்கே கவிஞருக்குப் பகைவர் எவரும் இல்லை. எழுதாமல் விட்ட ஒரு தாளே குறை.

அத்தாளில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: கையெழுத்துப் பிரதிகள் யாருக்கு, பதிப்புரிமை யாருக்கு, வெளியிடாதவற்றை வெளியிடுவதா அழிப்பதா என்று முடிவு செய்பவர் யார். விரும்புகிறேன் என்று எழுதாமல், அளிக்கிறேன் என்று எழுத வேண்டும். பயன்பெறாத இருவர் சாட்சியாக ஒப்பமிட வேண்டும். வாழும்போதே கொடுக்க இயன்றதைக் கையில் கொடுத்துவிடுவது அதனினும் நன்று.

சட்டம் கல்நெஞ்சம் உடையது என்று கவிஞர்கள் குறைகூறுவதுண்டு. மறைந்தவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகித்து அதன்படி நடக்க அது மறுப்பது உண்மையே. அவர் சொன்ன சொல்லை மட்டுமே அது பற்றிக்கொள்கிறது. பிறர் ஊகத்தை அவர் வாயில் திணிக்காத அந்த மறுப்பு, சொல்லை மதிப்பதன் ஒரு வகைதான். தம் கவிதையில் ஒரு சொல்லை மாற்றப் பிறரை ஒப்பாத கவிஞர், தம் உயிலில் ஒரு சொல்லும் எழுதாமல் எல்லாவற்றையும் பிறர் ஊகத்துக்கு விட்டுச் செல்வது பொருந்துமா?

ஹெமிங்ஸும் காண்டலும் எந்தப் பத்திரத்தாலும் கட்டுண்டவர் அல்லர். உயில் அவர்களிடம் ஒப்படைத்தது மோதிரத்துக்கான காசை மட்டுமே. மற்றதை அவர்களாகவே ஏற்றுக்கொண்டனர். பத்தாண்டுகளாகக் கூடிவரும் இவ்வட்டத்தில் அத்தகைய நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் கையில் ஒரு தாளையும் கொடுத்துச் சென்றால், அவர்தம் பணி எளிதாகும்.